அதிகாலை மூன்று மணிப் படபடப்பு: தூக்க மாத்திரை வேண்டாம், முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 54 வயது. ஊர் நாகர்கோவில். சென்னையில் இருக்கும் மகளுக்கு இது ஏழாவது மாதம் என்பதால் மாதம் ஒருமுறை இரவுப் பஸ்ஸில் போய் வருகிறேன். மாலை ஆறரைக்கு ஏறினால் காலை ஏழு மணி ஆகிறது இறங்க. பஸ்ஸில் பாத்ரூம் கிடையாது என்பதால் மதியத்துக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. ஏறியதும் இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிடுவேன். திருநெல்வேலி தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிடும். அதன்பிறகு எதுவும் சாப்பிடுவதில்லை. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, ஏ.சி.யிலும் வியர்த்து, கை நடுங்குகிறது. டிரைவர் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்துப் பயம் என்று கணவர் சொல்கிறார். ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டும் நிற்கவில்லை. இறங்கும்போது இரண்டு காலும் வீங்கியிருக்கும். அடுத்த இரண்டு நாள் நீர்க்கடுப்பு. பக்கத்து வீட்டு அக்கா தன்னுடைய தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா? நான் ஐந்தடி உயரம். சர்க்கரைக்கு காலையும் இரவும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை, பி.பி.க்கு ஆம்லோடிபின். வளைகாப்பு முடிந்ததும் மகளையும் இதே பஸ்ஸில் ஊருக்கு அழைத்து வரலாம் என்று இருக்கிறோம்.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: அந்தப் பாதி மாத்திரையைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அந்த மூன்று மணிப் படபடப்பு பயத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போவதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பயந்தாலும் நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், கை நடுங்கும். அறிகுறிகளை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் உங்கள் இரவு எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். கிளிமிபிரைடு உள்ள மாத்திரையைப் போடுகிறீர்கள். சாப்பிட்டது ஒன்றரை மணி நேரத்தில் வாந்தியாகப் போய்விடுகிறது. மாத்திரை பெரும்பாலும் அதற்குள் உடம்பில் சேர்ந்திருக்கும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து; வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதன்பின் ஆறு, ஏழு மணி நேரம் வெறும் வயிறு. அதிகாலையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதற்கு இவ்வளவு போதும்.

மிட்டாய் வேலை செய்யாததற்கும் காரணம் இருக்கிறது. மிட்டாயில் இருப்பது சாதாரணச் சர்க்கரை. அதைக் குடலில் உடைத்துக் குளுக்கோஸாக மாற்றும் நொதியைத்தான் வோக்லிபோஸ் தடுக்கிறது; அந்த மருந்தின் வேலையே அது. அதனால் வோக்லிபோஸ் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது மிட்டாய், வெல்லம், சர்க்கரைத் தண்ணீர் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். நேரடியாகக் குளுக்கோஸ்தான் வேண்டும். மருந்துக் கடையில் விற்கும் சாதாரணக் குளுக்கோஸ் பொடி போதும். மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடும் பலர் கைப்பையில் மிட்டாயை மட்டும் வைத்துக்கொண்டு, அது காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த பயணத்துக்கு முதலில் எடுத்து வைக்க வேண்டியது குளுக்கோமீட்டர். ஸ்ட்ரிப், ஊசி, பஞ்சு, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு மடியிலேயே வைத்திருங்கள். டிக்கியில் போகும் பெட்டிக்குள் வைத்தால் நடுராத்திரியில் அது இருந்தும் பயனில்லை. கூடவே ஒரு சின்ன டப்பாவில் குளுக்கோஸ் பொடி, ஒரு டீஸ்பூன், தனியாக ஒரு கால் லிட்டர் தண்ணீர் பாட்டில். படபடப்பு வந்தவுடன் பாட்டில் தண்ணீரால் விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கழுவாமல் குத்தாதீர்கள், வாழைப்பழமோ பிஸ்கட்டோ தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் துளி இனிப்பு போதும், 60 இருக்கும் ரத்தத்தை 140 என்று காட்டிவிடும். மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. தாண்டியதும் நான்கு மாரி பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடுங்கள், ஏனென்றால் கிளிமிபிரைடின் வேகம் காலை வரை இருக்கும். குளுக்கோஸ் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். முதலிலேயே சாக்லேட்டைத் தேடாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டரில் ஏதாவது கோளாறு, கை நடுக்கத்தில் குத்த முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். குளுக்கோஸைக் குடித்துவிட்டுப் பிறகு பாருங்கள். ஒருவேளை சர்க்கரை சரியாகவே இருந்திருந்தாலும் அந்தப் பதினைந்து கிராமால் கேடு ஒன்றும் வராது.

இப்போது தூக்க மாத்திரையை ஏன் மறுக்கிறேன் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். சர்க்கரை இறங்கும்போது உடம்பு உங்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த வியர்வையும் படபடப்பும்தான் எச்சரிக்கை மணி. அல்பிரசோலம் போன்ற மாத்திரை அந்த எழுப்புதலைத் தூங்க வைத்துவிடும்; சர்க்கரை 40-க்கு இறங்கினாலும் நீங்கள் அசந்து தூங்குவதாகவே பக்கத்து சீட்காரருக்குத் தெரியும். தவிர, இந்த மாத்திரை போட்டவர்கள் ஒரே நிலையில் பல மணி நேரம் அசையாமல் கிடப்பார்கள், காலில் ரத்தம் உறைய அது வழி. அரைத் தூக்கத்தில் படி இறங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நடக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. இன்னொருவருக்கு எழுதியதை வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

உங்கள் சர்க்கரை டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: 'பயண நாளில் இரவு வேளையில் கிளிமிபிரைடு இல்லாத மாத்திரையாக மாற்றிக்கொள்ளலாமா?' பல நேரம் மாற்றித் தருவார்கள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்காது. ஆனால் தொடர்ந்து வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினும் நல்லதல்ல, அதையும் அவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரை 350-க்குப் போய் இன்னொரு பக்கம் தொல்லை.

சாப்பாட்டு நேரத்தையும் மாற்றுங்கள். ஏறியபின் சாப்பிடுவதுதான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. பஸ் ஆறரைக்கு என்றால் ஐந்து மணிக்கே வீட்டில் இரண்டு, மூன்று இட்லி, அல்லது இடியாப்பம். தேங்காய் எண்ணெய் மிதக்கும் குழம்பும் பொரித்த மீனும் அன்றைக்கு வேண்டாம். முழுப் பட்டினியும் குமட்டலைக் கூட்டும். பத்து மணி வாக்கில் மோட்டலில் நிறுத்தும்போது சர்க்கரையைப் பாருங்கள். 120-க்குக் கீழே இருந்தால் ஒரு இட்லியோ நான்கு பிஸ்கட்டோ சாப்பிட்ட பிறகே கண்ணை மூடுங்கள். பரோட்டா சால்னா வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாந்திக்கு வருகிறேன். உள்காது 'நாம் ஆடுகிறோம்' என்கிறது. பஸ்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டுக்கு மூளை காட்டும் எதிர்ப்புதான் குமட்டல். வேகமான குலுக்கலைவிட மெதுவான ஆட்டம்தான் இதை அதிகம் கிளப்பும். அதனால்தான் சிலருக்குச் சாதாரணப் பஸ்ஸைவிட மெத்தென்று மிதக்கும் ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸில் கூடுதலாகக் குமட்டுகிறது. ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி என்று பிரேக்கும் திருப்பமுமாகப் போகும் முதல் இரண்டு மணி நேரம்தான் உங்களுக்குச் சோதனை. அந்த நேரம் முழுக்கப் போனைப் பார்க்கவே வேண்டாம். மகளுக்கு வாட்ஸ்அப் அனுப்புவதுகூட வள்ளியூருக்குப் பிறகு அல்ல, ஏறுவதற்கு முன்பே. படுத்துக்கொண்டு தலையைத் தலையணையில் அசையாமல் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வது மாத்திரைக்கு நிகராக உதவும்.

மாத்திரை தேவையென்றால், பயண வாந்திக்கு வேலை செய்வது புரோமெதசின் தியோக்ளேட் 25 மி.கி.; அவோமின் என்ற பெயரில் கிடைக்கும். ஏறுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு, அதாவது உங்கள் கணக்கில் ஐந்து மணிக்கு, ஒரே ஒரு மாத்திரை. வாந்தி வந்தபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கண் அழுத்த நோய் இருப்பவர்கள், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், புராஸ்டேட் வீங்கிய ஆண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. உங்களுக்கு முதல் தடவை என்பதால் டாக்டரைக் கேட்டுவிட்டு, பயணமில்லாத ஒரு நாளில் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். வாய் உலரும், தூக்கம் வரும், சிலருக்கு மறுநாள் காலை வரை மந்தமாக இருக்கும். இந்தத் தூக்கம் தூக்க மாத்திரை அளவுக்கு ஆழமானதல்ல என்றாலும், இதைப் போட்ட இரவில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். மருந்துக் கடையில் 'பஸ்ஸில் வாந்தி வருது' என்றால் டாம்பெரிடோன் சேர்ந்த கேஸ் மாத்திரையையோ ஆன்டன்செட்ரானையோ எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் வயிற்றுக்கோளாறு வாந்திக்கு நல்ல மருந்துகள்தான், ஆனால் உள்காதிலிருந்து கிளம்பும் பயண வாந்தியை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. 'மாத்திரை போட்டும் வாந்தி' என்று சொல்கிறவர்களில் பலருடைய கதை இதுதான். இஞ்சி சிலருக்குக் கைகொடுக்கிறது. இஞ்சிமரப்பா மட்டும் உங்களுக்கு வேண்டாம், அதில் முக்கால்வாசி சர்க்கரை. உப்பு தொட்ட இஞ்சித் துண்டு போதும்.

எந்த இடத்தில் உட்காருகிறோம் என்பது இதில் பாதி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் வரிசைகளில் ஆட்டம் குறைவு. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி வரிசைகள் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும்; எஞ்சின் பின்னால் இருக்கும் பஸ்களில் சூடும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். மேல் பெர்த் பக்கவாட்டில் அதிகம் ஆடும், நடுராத்திரியில் ஏணியில் இறங்குவதும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து. முன்னால் முதல் சீட்டில் சாலை தெரிவதால் குமட்டல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேகத்துக்குப் பயப்படும் உங்களுக்கு அந்த இடம் இரவு முழுக்கத் தண்டனை. கீழ் பெர்த், நடுப்பகுதி, இடதுபுறம். முன்பதிவு செய்யும்போதே பார்த்து எடுங்கள். செமி ஸ்லீப்பருக்கும் ஸ்லீப்பருக்கும் உள்ள கட்டண வித்தியாசம் உங்களைப் பொறுத்தவரை வீண்செலவு இல்லை, உங்கள் காலுக்கான வைத்தியச் செலவில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது காலை டிரைவர் பக்கம் நீட்டிப் படுங்கள். திடீர் பிரேக்கில் முதலில் போய் இடிப்பது தலையாக இருக்கக் கூடாது.

கால் வீக்கத்துக்கு உங்கள் விஷயத்தில் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்காருவது முதல் காரணம். ஐந்தடி உயரக்காரர்களுக்குச் சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டே இருக்கும். பாதமும் தரையில் முழுதாகப் பதியாது. மூன்றாவது ஆம்லோடிபின். கணுக்கால் வீக்கம் அந்த மாத்திரையின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. பயணமில்லாத நாட்களிலும் மாலையில் லேசாக வீங்குகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது. சீட்டில்தான் போக வேண்டிய நிலை வந்தால் காலடியில் ஒரு பையை வைத்து முழங்கால் இடுப்பை விடச் சற்று உயர இருக்கும்படி பாருங்கள். விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, இருபது தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேலே ஏறும்.

இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கி, ஒரு இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிட்டால் பயமில்லை. ஒரே காலில் வீக்கம், கெண்டைக்காலில் இழுத்துப் பிடித்த வலி, தொட்டால் சூடு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. விமானம் என்றில்லை, பஸ், ரயில், கார் எதுவானாலும். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்பதால் உங்களுக்கு வந்தே தீரும் என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பயணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்து போகும் இளம்பெண்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இறுக்கக் காலுறை போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், சர்க்கரை நோயாளியான நீங்கள் பாதத்தின் ரத்த ஓட்டத்தை டாக்டரிடம் காட்டாமல் வாங்காதீர்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் அது புண்ணை உண்டாக்கும்.

இனி தண்ணீர். மதியத்தோடு நிறுத்திவிடுவது சிறுநீரைத் தள்ளிப்போடும் என்று நினைக்கிறீர்கள். நடப்பது நேர்மாறு. கெட்டியான சிறுநீர் பையை உறுத்தும், கொஞ்சம் சேர்ந்தாலே முட்டும். மணிக்கணக்கில் அடக்கும்போது கிருமி பெருகுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது இன்னும் வேகமாக. இரண்டு நாள் நீர்க்கடுப்பு அங்கிருந்து வருகிறது. நாள் முழுக்க வழக்கம்போலக் குடித்து, மாலை ஐந்துக்குள் உங்கள் அன்றாடப் பங்கில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். காபி, டீ நான்கு மணியோடு சரி. ஏறியபின் பத்து மணி வரை மணிக்கு 100 மி.லி., அதாவது அரை டம்ளர். அதற்குப் பிறகு வாய் நனைக்கும் அளவு. வடசேரியில் பஸ் ஏறுவதற்கு முன் ஒருமுறை போய்விட்டு, எழுந்து அரை நிமிடம் நின்று, மறுபடி உட்கார்ந்து முயலுங்கள். பையில் மிச்சம் தங்கியிருப்பது இறங்கும். மோட்டலில் வரவில்லை என்றாலும் இறங்கிப் போய் வாருங்கள். பி.பி.க்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களும், டாபாகிளிஃப்ளோசின் போலச் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களும் அன்றைக்கு அதைக் காலையிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறியவுடன் டிரைவரிடமோ கண்டக்டரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்: 'தம்பி, எங்கே எங்கே எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க? எனக்குச் சுகர் இருக்கு. நடுவுல ஒரு தடவை கேட்டா ஏதாவது பங்க்ல நிறுத்தணும்.' முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் நிறுத்துவார்கள். சாலையோர இருட்டைவிடப் பெட்ரோல் பங்க் நல்லது. விளக்கும் ஆளும் கழிப்பறையும் இருக்கும். மோட்டலில் இறங்கும்போது பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் பத்துப் பஸ் நிற்கும் இடத்தில் தூக்கக் கலக்கத்தில் வேறு பஸ்ஸுக்குப் போய் ஏறுகிறவர்கள் உண்டு. செருப்பில்லாமல் இறங்காதீர்கள், அந்தக் கழிப்பறைத் தரையில் கண்ணாடித் துண்டு குத்தினாலும் மரத்துப்போன பாதத்துக்குத் தெரியாது. கைப்பையில் டிஷ்யூ, சோப்புத் தாள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்தால் கிருமி சிறுநீர்ப்பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்; மாத்திரைக் கடையில் நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வொரு மாதமும் வருவதால் அடுத்த தடவை ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் சிறுநீர் கல்ச்சர் ஒன்று எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மீட்டர் 110, 130 என்று காட்டியும் படபடப்பு இருந்தால், அப்போது அது பயமாக இருக்கலாம். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், பத்து நிமிடம். நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் மூச்சுப் பயிற்சிக்கு நேரமில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சு வாங்கலுமாக வருவதுண்டு.

உங்கள் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. 2013 அக்டோபர் 30 அதிகாலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன பஸ் பாலம் என்ற ஊரருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே மறுபடி ஒரு இரவுப் பஸ் எரிந்தது. இரண்டும் பயணிகள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் நடந்தவை. தப்பியவர்களில் பலர் கண்ணாடியை உடைத்து வெளியே குதித்தவர்கள். அதனால் ஏறியவுடன் ஒரு நிமிடம் செலவழியுங்கள்: அவசர வழி எங்கே, உங்கள் பெர்த்திலிருந்து எத்தனை வரிசை தள்ளி, சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது. பக்கக் கண்ணாடியின் நடுவில் அடித்தால் சுத்தியல் துள்ளித் திரும்பும். மூலையில் அடித்தால் பொலபொலவென்று உதிரும். முன் கண்ணாடி வேறு வகை, அது விரிசல் விடுமே தவிர எளிதில் உடையாது. புகை வந்தால் குனிந்து நகருங்கள், பெட்டியைத் தேடாதீர்கள். வேகம் பற்றிச் சந்தேகம் வந்தால் போனில் மேப்பைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். இந்தப் பஸ்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரில் நிற்க வேண்டும். அதைத் தொடர்ந்து தாண்டினால் சத்தம் போடாமல் முன்னால் போய், கிளீனர் வழியாகச் சொல்லுங்கள். பக்கத்து இருவரும் சேர்ந்து சொன்னால் காது கொடுப்பார்கள். இரவு முழுக்க வேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம். டிரைவருக்குத் தூக்கம் கண்ணைக் கட்டுவது பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள்தான். அந்த நேரத்தில் டீக்கு நிறுத்தினால் 'இன்னும் லேட்டாகுதே' என்று நினைக்காமல் நிம்மதியாக இறங்கி நாலு எட்டு நடங்கள்.

கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் நேராக நகரப் பேருந்துக்கு ஓடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சர்க்கரையைப் பாருங்கள். காலை மாத்திரை, மகள் வீட்டில் தட்டு முன்னால் வந்த பிறகுதான். தூக்கமில்லாத இரவுக்கு அடுத்த நாள் காலையில் பி.பி. ஏறித்தான் இருக்கும், அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கூடுதல் மாத்திரை போட வேண்டாம். மாலை ஆறு, இரவு பத்து, அதிகாலை மூன்று, காலை ஏழு ஆகிய நான்கு நேரச் சர்க்கரை அளவுகளைப் போகும்போதும் வரும்போதும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். கிரியாட்டினின் பார்த்து நாளாகியிருந்தால் அதையும் எடுங்கள். சிறுநீரகம் சற்றுக் குறைவாக வேலை செய்தாலும் கிளிமிபிரைடு உடம்பில் கூடுதல் நேரம் தங்கும்.

மகளை இந்தப் பஸ்ஸில் அழைத்து வர வேண்டாம். ஏழாம் மாதத்துக்கு மேல் சிறுநீர் அடிக்கடி முட்டும், காலில் ரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பத்திலேயே கூடியிருக்கும், நடுவழியில் உதிரமோ வலியோ வந்தால் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் நெடுஞ்சாலையில் நிற்பீர்கள். ரயிலில் வாருங்கள். கர்ப்பிணிகளுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் ரயிலில் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகப் போகும்போது உங்களுக்கும் அது பொருந்தும், டிக்கெட் எடுக்கும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். பகலில் உட்கார்ந்து வருவது ஒத்துக்கொள்ளும் என்றால் எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம், கழிப்பறை இரண்டடி தூரத்தில். புறப்படுவதற்கு முன் மகப்பேறு டாக்டரிடம் காட்டி, நஞ்சுக்கொடி கீழிறங்கி இருக்கிறதா, கருப்பை வாய் நீளம் சரியாக இருக்கிறதா, பி.பி. எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் ஏதாவது சிக்கல் என்றால் பிரசவத்தைச் சென்னையிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் போய்த் தங்குவதுதான் சரி. வருவதானால் 34 வாரத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த குரூப் எழுதிய அட்டை எல்லாம் பெட்டியில் வேண்டாம், மகளின் கைப்பையில் இருக்கட்டும். உங்களுக்கு வாங்கிய வாந்தி மாத்திரையை அவளுக்குக் கொடுக்காதீர்கள். தேவையென்றால் அவளுடைய டாக்டர் தனியாக எழுதித் தருவார்.